கடற்கரை வீட்டில் கரும்பு

விழிஞ்ஞத்தில் வீட்டுக் கரும்பு வருமா என்று சந்தேகப்படுபவர்களுக்குக் கண்ணூரைக் காட்டலாம். கோயம்புத்தூரில் 1912இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிறுவனம், உலகெங்குமிருந்து திரட்டிய ரகங்களை நட்டுக் காப்பாற்றுவது அங்கேதான், இதே அரபிக்கடல் ஓரத்தில். அவ்வளவு பெரிய தொகுப்பு இன்னொன்று அமெரிக்காவின் மயாமியில் இருக்கிறது. ஆகவே கரும்பு வளரும். ஆனால் இனிக்குமா?

பொங்கலுக்கு வாங்கிய கரும்பில் நுனிப்பக்கத்து மூன்றில் ஒரு பங்கைத் தின்னாமல் எடுத்து வையுங்கள். நடுவதற்கு ஏற்றது இளசான அந்தப் பகுதிதான். ஒரு கணுவை உற்றுப் பாருங்கள்: ஒரு பக்கம் சின்னப் பரு, அதை ஒட்டித் தண்டைச் சுற்றி வரிசையாகப் புள்ளிகள். பரு தளிராகும்; புள்ளிகள் ஒவ்வொன்றும் வேராகும். அடுத்த கணுவில் பரு எதிர்ப்பக்கம் இருக்கும். இரண்டு பரு உள்ள துண்டாக, அதாவது கரணையாக நறுக்கி, பருக்கள் பக்கவாட்டில் இருக்கும்படி படுக்க வைத்து, இரண்டு விரல் கனம் மண் மூடினால் போதும். நறுக்கிய முகத்தில் சிவப்பு ஓடியிருந்தால் அது செவ்வழுகல் நோயாக இருக்கலாம். அந்தக் கரணையை நடவே நடாதீர்கள்.

தென்னை நிழல் வேண்டாம். கடும் வெயிலைச் சர்க்கரையாக்குவதில் கரும்பு கெட்டிக்காரப் பயிர்; ஒளிச்சேர்க்கையில் நெல் போகாத தனி வழி ஒன்று அதற்கு உண்டு. அதை 1960களில் ஹவாயிலும் ஆஸ்திரேலியாவிலும் கண்டறிந்தது கரும்பு இலையை வைத்துத்தான். உப்புக்காற்று நேராக அடிக்காமல் ஒரு சுவர் மறைவு இருந்தால் நல்லது. இடமில்லாதவர்களுக்குப் பெரிய டிரம் ஒன்று போதும். ஆனால் அதில் நாலைந்து தண்டுக்கு மேல் விடக் கூடாது. தூர் கட்டியதும் அடியில் மண் அணையுங்கள், காய்ந்த சோகையை உரித்துவிடுங்கள்.

ஜூன் மழையில் கரும்பு மளமளவென்று ஏறும். பார்க்க அழகுதான், ஆனால் இலை தயாரிக்கும் சர்க்கரையில் பெரும்பகுதி அந்த வளர்ச்சிக்கே செலவாகிவிடுகிறது. ஈரமும் தழைச்சத்தும் குறைந்து வளர்ச்சி தளரும்போதுதான் மிச்சப்படும் சர்க்கரை தண்டில் தங்கும். உள்நாட்டு வயல்களில் இதற்குக் குளிரும் கைகொடுக்கும். விழிஞ்ஞத்தில் அந்தக் குளிர் கிடையாது. போதாக்குறைக்கு அக்டோபர், நவம்பரில் துலாவர்ஷ மழை வேறு. எனவே நாமே பட்டினி போட வேண்டும். நட்ட ஐந்தாம் மாதத்தோடு சாணமும் யூரியாவும் நிற்கட்டும். டிசம்பரில் மழை விட்டதும் தண்ணீரைச் சுருக்குங்கள். வாடுகிறதே என்று இரக்கப்பட்டு ஊற்றுபவர் வீட்டுக் கரும்பு சப்பென்றுதான் இருக்கும்.

முற்றியதா என்று அறிய ஒரு தண்டை வெட்டி அடியையும் நடுவையும் கடித்துப் பாருங்கள். அடிக்கணுக்களே முதலில் இனிப்பு ஏறுபவை. நடுவும் அதே ருசிக்கு வந்துவிட்டால் அறுக்கலாம். பூத்த தண்டை நிறுத்தி வைக்காதீர்கள், நாளாக ஆக நெட்டி பாய்ந்துவிடும். தரையோடு ஒட்ட வெட்டுங்கள். அடியில்தான் சர்க்கரை அதிகம், மண்ணுக்குள் இருக்கும் கட்டையும் நன்றாகத் துளிர்க்கும். வெட்டியதைக் கூடிய சீக்கிரம் தின்றுவிடுங்கள். வைத்திருந்தால் கரும்பிலுள்ள நொதியே சர்க்கரையைச் சிதைக்கத் தொடங்கும். துளிர்த்த கட்டைக்கு மறுபடி சாணம் போட்டால், அடுத்த பொங்கலுக்குப் புதிதாகக் கரணை நட வேண்டியதில்லை.