மாநிலத்துக்குக் கொடுத்த டாலர்

அமெரிக்காவில் இன்றைய வருமான வரியின் முதல் படிவம், 1913-ம் ஆண்டுக்கானது, மூன்று பக்கம், விளக்கத்துக்கு இன்னொரு பக்கம். அதில் கழிவுகளுக்கான பகுதியில் ஒரு வரி உண்டு: மத்திய அரசு, மாநிலம், மாவட்டம், பள்ளி, நகராட்சி என்று யாருக்கு வரி கட்டியிருந்தாலும் அந்தத் தொகையை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். உச்சவரம்பு கிடையாது.

இன்று இதுபோன்ற கழிவுகளுக்கு 'ஷெட்யூல் ஏ' என்று தனித் தாள். அதில் மாநில, உள்ளூர் வரிகளுக்கான ஐந்தாம் வரிசை ஐந்து துண்டாகப் பிரிந்திருக்கிறது. 5ஏ-யில் மாநில வருமான வரியை எழுதலாம், அல்லது ஒரு கட்டத்தில் குறியிட்டுவிட்டு விற்பனை வரியை எழுதலாம். இரண்டையும் சேர்த்து எழுத முடியாது. 5பி வீட்டின் சொத்து வரி. 5சி கார் போன்ற உடைமைகளுக்கு மதிப்பை வைத்துப் போடும் வரி. 5டி மூன்றின் கூட்டல். பிறகு வருகிறது 5இ. 2018 முதல் 2024 வரை அந்த இடத்தில் இருந்த கட்டளை இதுதான்: கூட்டுத்தொகை, 10,000 டாலர், இரண்டில் எது குறைவோ அதை எழுது.

இந்தக் கழிவு 1913-க்கும் மூத்தது. உள்நாட்டுப் போர்ச் செலவுக்காக லிங்கன் காலத்தில் வருமான வரி போட்டபோதே, 1862-ன் சட்டத்தில், மாநிலத்துக்கும் ஊருக்கும் கட்டிய வரியைக் கழிக்க இடம் தந்தார்கள். அப்போதைய கவலை எந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு மிச்சம் என்பதல்ல. ஒரே மடியில் இரண்டு அரசுகள் கையை விடும்போது, பெரியவன் முதலில் அள்ளிக்கொண்டால் சின்னவனுக்கு என்ன மிஞ்சும் என்பதே. பள்ளிக்கூடம், சாலை, காவல் எல்லாம் மாநிலத்தின் பொறுப்பு. அதற்குப் போன பணத்தைக் குடிமகனின் வருமானமாகக் கணக்கிடாமல் வாஷிங்டன் ஒதுங்கி நின்றது.

1913-ல் அப்படி ஒதுங்குவது பெரிய தியாகமும் இல்லை. தொடக்க விகிதம் 1 சதவீதம். 500,000 டாலருக்கு மேல் சம்பாதித்தவனுக்கே 7 சதவீதம். படிவம் நிரப்பியவர்கள் மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 100 டாலர் சொத்து வரி கட்டியவருக்கு இந்தக் கழிவால் கிடைத்தது பெரும்பாலும் ஒரு டாலர்.

உலகப் போர்கள் கணக்கை மாற்றின. 1944-ல் உச்ச விகிதம் 94 சதவீதம். அந்த உச்சத்தில் ஒருவர் சம்பாதித்த கடைசி டாலரில் மாநிலமும் 7 சென்ட் கேட்டிருந்தால், கழிவு இல்லாதபோது அவர் கட்ட வேண்டியது 101 சென்ட், சம்பாதித்ததைவிட அதிகம். கழிவு இருந்ததால் மாநிலத்துக்கு 7 போக மீதி 93 சென்டுக்கு மட்டும் மத்திய வரி. மொத்தம் 94 சென்ட் சொச்சம். அந்த நாளில் இந்தக் கழிவு நியாயமா என்று கேட்க அதிகம் இடமில்லை. அது இல்லாமல் கணக்கே நிற்காது. இன்றைய உச்ச விகிதம் 37. மாநில விகிதம் மிக அதிகமான கலிஃபோர்னியாவின் 13.3-ஐ அப்படியே சேர்த்தாலும் 50-ஐத்தான் தாண்டுகிறது. பழைய காரணம் இப்படிச் சத்தமில்லாமல் காலாவதியாகிவிட்டது. கழிவு மட்டும் பழக்கத்தில் தங்கியது.

விற்பனை வரியின் கதை இதைவிட வளைந்து நெளிந்தது. 1930-களின் பெருமந்தத்தில் சொத்து வரி வசூல் படுத்துவிட, மாநிலங்கள் கடைச் சரக்கின் மேல் வரி போட ஆரம்பித்தன. 1942-ன் சட்டம், கடையில் வாங்குபவர் தந்த அந்த வரியையும் கழிக்க வழி செய்தது. வருடம் முழுக்க ரசீது சேர்த்து வைக்க யாரால் முடியும்? பின்னாளில் வரித்துறையே மாநிலவாரியாக அட்டவணை அச்சிட்டுக் கொடுத்தது. வருமானம் எவ்வளவு, வீட்டில் எத்தனை பேர் என்று பார்த்து விரலை ஓட்டினால் தொகை கிடைக்கும். கார் வாங்கிய வருடமென்றால் அதன் வரியைத் தனியாகக் கூட்டிக்கொள்ளலாம். சிகரெட், மது வரிகளைக் கழிக்கும் உரிமை 1964-ல் போயிற்று. பெட்ரோல் வரி 1978-ல் போயிற்று. 1986-ல் விற்பனை வரியே போயிற்று.

அந்த 1986-க்குப் பின்னால் ஒரு பெரிய சண்டை உண்டு. ரீகன் அரசு 1985-ல் மாநில, உள்ளூர் வரிக் கழிவு முழுவதையும் நீக்கப் பார்த்தது. வரி குறைவான மாநிலத்து மக்கள், வரி அதிகமான மாநிலத்தின் செலவை ஏன் சுமக்க வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. நியூயார்க் ஆளுநர் மாரியோ குவோமோ எதிர்த்தார். எங்களிடமிருந்து வாஷிங்டனுக்குப் போகும் பணம், அங்கிருந்து திரும்பி வருவதைவிட அதிகம் என்று அந்த மாநிலத்து செனட்டர் மொய்னிஹன் ஆண்டுதோறும் கணக்குக் காட்டிவந்தவர். இரண்டு தரப்பிலும் உண்மை இருந்தது. கடைசியில் வருமான வரியும் சொத்து வரியும் தப்பித்தன, விற்பனை வரி பலியானது. வருமான வரியே இல்லாமல் விற்பனை வரியை நம்பியிருந்த டெக்ஸாஸும் ஃப்ளோரிடாவும் 18 வருடம் காத்திருந்து, 2004-ல் 'இரண்டில் ஒன்று' என்ற உரிமையைப் பெற்றன. 2015-ல் அது நிரந்தரமானது. நியூயார்க் குடிமகன் வருமான வரியைக் கழிக்கும்போது டெக்ஸாஸ்காரன் மட்டும் எதையும் கழிக்க முடியாமல் நின்றது நியாயமில்லைதான். அதை நேர் செய்ய அவ்வளவு காலம் பிடித்தது.

2017-ல் சட்டமாகி 2018-ல் அமலான 10,000 டாலர் வரம்பு என்ன செய்தது என்பதை ஒரு வீட்டுக் கணக்கில் பார்க்கலாம். நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் நியூஜெர்சியின் எடிசன் பக்கம், 200,000 டாலர் சம்பாதிக்கும் தம்பதி என்று வைத்துக்கொள்வோம். சொத்து வரி 14,000, மாநில வருமான வரி 8,000, வீட்டுக்கடன் வட்டி 12,000. மொத்தம் 34,000. 2017-ல் ஷெட்யூல் ஏ நிரப்பாத எல்லோருக்கும் கிடைத்த நிலையான கழிவு தம்பதிக்கு 12,700. ஆகவே ஷெட்யூல் ஏ நிரப்பியதில் அவர்களுக்குக் கூடுதலாகக் கழிந்தது 21,300. மறு வருடம் வரி 22,000-ல் 10,000 மட்டுமே செல்லும். வட்டியோடு சேர்த்தால் 22,000. நிலையான கழிவோ 24,000 ஆகிவிட்டது. தாளை நிரப்பிப் பயனில்லை. நாடு முழுவதும் பத்தில் மூன்று பேர் நிரப்பிவந்த தாளை அதன்பின் நிரப்புவது பத்தில் ஒருவர்தான். டெக்ஸாஸின் டாலஸ் பக்கம் போய்விட்டால் மாநில வருமான வரியே இல்லை என்ற பேச்சு கிளம்புவது இப்படிப்பட்ட வீடுகளில்தான். அங்கே சொத்து வரி அதிகம் என்று சொல்ல ஒருவர் எப்போதும் இருப்பார்.

வரம்பை ஆதரிப்பவர்களின் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. கழிவு மேலே போகப்போகக் கனக்கும் சலுகை. ஒரு டாலரைக் கழித்தால் உச்சப்படியில் இருப்பவருக்கு 37 சென்ட் மிச்சம், 12 சதவீதப் படியில் இருப்பவருக்கு 12 சென்ட். வாடகை வீட்டில் இருந்து நிலையான கழிவு எடுப்பவருக்கு ஒன்றுமில்லை. பணக்காரர்கள் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்று பேசும் ஜனநாயகக் கட்சிதான், 2021-ல் பிரதிநிதிகள் சபையில் வரம்பை 80,000 ஆக்க ஓட்டுப் போட்டது. செனட்டில் அது கரையேறவில்லை. வரம்பைக் கொண்டுவந்த குடியரசுக் கட்சியிலும், நியூயார்க், நியூஜெர்சி, கலிஃபோர்னியா உறுப்பினர்கள் 11 பேர் 2017-ல் அந்த மசோதாவுக்கு எதிராக ஓட்டளித்தார்கள். இந்த விஷயத்தில் கொள்கையைவிடத் தொகுதி கெட்டி.

ஆனால் உச்சப்படிக்காரர்கள் எல்லோரும் மாட்டிக்கொள்ளவில்லை. நிறுவனம் கட்டும் மாநில வரிக்கு வரம்பு இல்லை. அதைப் பார்த்து கனெக்டிகட் 2018-ல் ஒரு வழி கண்டது: பங்குதாரர் கட்ட வேண்டிய மாநில வருமான வரியை அவருடைய கூட்டு நிறுவனமே கட்டிவிட்டு, மத்திய கணக்கில் முழுதாகக் கழித்துக்கொள்ளும், பங்குதாரருக்கு மாநிலத்தில் அது வரவு. 2020-ல் வரித்துறை இதற்குத் தலையசைத்த பிறகு, இந்த வழியில் போன மாநிலங்கள் மொத்தம் முப்பதைத் தாண்டின. ஒரே கட்டடத்தில், பங்குதாரராக மருத்துவம் பார்க்கும் மருத்துவரின் மாநில வரி முழுதும் கழிகிறது. அவருக்குப் பக்கத்தில் சம்பளத்துக்கு நிற்கும் செவிலியருக்கு வரம்பு. என்னைக் கேட்டால், கழிவை முழுதாக வைத்திருந்த பழைய முறையிலோ, ஒரேயடியாக எடுத்துவிடச் சொன்ன ரீகன் திட்டத்திலோ இல்லாத அநியாயம் இது.

2025 ஜூலையில் வந்த சட்டம் வரம்பை 40,000 ஆக்கியது. வருடத்துக்கு 1 சதவீதம் கூடும். வருமானம் 500,000-ஐத் தாண்டினால் படிப்படியாகக் குறைந்து 10,000-ல் நிற்கும். எடிசன் தம்பதி அதே வருமானம், அதே செலவு என்றிருந்தால், 34,000 முழுதையும் மறுபடி எழுதலாம். 2025-ல் நிலையான கழிவு 31,500 என்பதால் அந்த வருடம் கூடுதலாகக் கழிவது 2,500. மருத்துவரின் கூட்டு நிறுவன வழியை ஒருசாராருக்காவது அடைக்கப் பிரதிநிதிகள் சபையின் மசோதா முயன்றது. இறுதிச் சட்டத்தில் அந்தப் பகுதி இல்லை.

2030-ல் வரம்பு எல்லோருக்கும் பழையபடி 10,000-க்கு இறங்குகிறது. நியூஜெர்சியில் ஒரு வீட்டின் சராசரி சொத்து வரி 2024-லேயே 10,095 டாலர்.