மார்க்கர் ஜாதகம் அல்ல!

எங்க பெரியப்பா பீடி, சிகரெட்டைத் தொட்டதே கிடையாது. ஆனாலும் போன வருஷம் அவருக்கு நுரையீரல் புற்றுநோய் என்றார்கள். "கட்டியை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்காங்களே, இன்னும் எத்தனை வருஷம்னு அதுல தெரிஞ்சிடுமா கண்ணு?" என்று பெரியம்மா என்னைக் கேட்டார். டிப்ளமா படிக்கிற பிள்ளையாச்சே! திருதிருவென்று முழித்தேன். பிறகு தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மரபணு என்பது ஒரு டிராயிங் மாதிரி. உடம்பின் செல்களில் இருக்கும் டிராயிங் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் எந்த டிராயிங்கைப் பார்த்து எவ்வளவு புரதம் தயாராகிறது என்பது செல்லுக்குச் செல் மாறும். இதுவே மரபணு வெளிப்பாடு. கட்டியில் இதை அளந்து நோயின் போக்கை ஊகிக்க உதவும் அடையாளம்தான் மார்க்கர்.

ஓர் உதாரணம் பார்ப்போம். இஆர்சிசி-1 என்ற புரதம், பழுதான டிஎன்ஏ-வைச் சரிசெய்யும் மெக்கானிக். சிஸ்பிளாட்டின் என்ற மருந்தோ, புற்று செல்லின் டிஎன்ஏ-வைப் பழுதாக்கிக் கொல்வது. மெக்கானிக் சுறுசுறுப்பாக இருந்தால் மருந்து பலிக்குமா?

2006-ல் வெளியான ஓர் ஆய்வில் 761 பேரின் கட்டிகளைச் சோதித்தார்கள். இந்தப் புரதம் இல்லாத கட்டி உடையவர்களுக்கே சிஸ்பிளாட்டின் சிகிச்சை கைகொடுத்தது. மருந்து பெறாதவர்களிடமோ தலைகீழ்! புரதம் இருந்தவர்களே அதிக நாள் வாழ்ந்தார்கள். 'இனி கட்டியைப் பார்த்தே மருந்தைத் தீர்மானிக்கலாம்' என்ற நம்பிக்கை பிறந்தது.

2013-ல் அதே குழுவினர் வேறு நோயாளிகளின் மாதிரிகளில் சோதித்தபோது பழைய முடிவு திரும்ப வரவில்லை. ஏன்? புரதத்தைக் காட்டிக்கொடுக்கும் ஆன்டிபாடியின் செயல்பாடே இடையில் மாறியிருந்ததாகத் தெரிந்தது. அது மட்டுமல்ல, அந்தப் புரதத்துக்கு நான்கு வடிவங்கள். முழுமையாகப் பழுது பார்ப்பது அதில் ஒன்றுதான். சோதித்த 16 ஆன்டிபாடிகளில் ஒன்றாலும் அதைப் பிரித்துக் காட்ட முடியவில்லை.

வெர்னியரில் ஜீரோ எரர் பார்க்காமல் அளந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? நம்ம ஒர்க் ஷாப்பில் வீணாவது ஓர் இரும்புத் துண்டு. அங்கே ஒரு மனித உயிர்!

அதற்காக மார்க்கரே பொய் என்று நினைத்துவிடாதீர்கள். பிடி-எல்1 என்ற புரதத்தின் அளவைப் பார்த்து இன்று நோய் எதிர்ப்பு மருந்துகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

பெரியம்மாவிடம் இப்படிச் சொன்னேன்: "நூறு பேரைச் சேர்த்துப் பார்த்தால் என்ன நடக்கும்னுதான் டெஸ்ட் சொல்லும் பெரியம்மா. பெரியப்பாவோட நாளை அது எண்ணாது. எந்த மருந்து கேட்கும்னு தேட உதவும்." அன்றைக்குத்தான் அவர் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

நண்பர்களே! நாளை இத்தகைய கருவிகளைச் செய்யப் போவதும் சரிபார்க்கப் போவதும் நம்மில் யாரோ ஒருவர்தான். ஜீரோ எரரை மறந்துடாதீங்க!