11 மாத ஒப்பந்தம் போட்டாலும் பதிவு உண்டு

திருச்சி தில்லை நகரில் மாடி போர்ஷனை வாடகைக்கு விடுகிறவர்கள் வழக்கமாகச் செய்வது இதுதான்: பத்திரத்தாளில் 11 மாத ஒப்பந்தம் எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு, பீரோவில் வைத்துவிடுவார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்கிறது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அதிலிருந்து தப்பத்தான் இந்த 11 மாதக் கணக்கு.

2019 பிப்ரவரி 22 முதல் இந்தக் கணக்கு செல்லாது. தமிழ்நாட்டின் 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தில், 2017-இல் இயற்றப்பட்ட புதிய வாடகைச் சட்டம் அன்று நடைமுறைக்கு வந்தது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை மாதத்துக்கானாலும் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும்.

யாரிடம், எப்படி?

வாடகை அதிகாரி என்பவர் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வருவாய்த் துறை அதிகாரி. சார்பதிவாளர் வேறு, இவர் வேறு. ஒப்பந்தம் கையெழுத்தான 90 நாளுக்குள் அரசின் வாடகைப் பதிவு இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வீட்டுக்காரரும் செய்யலாம், குடியிருப்பவரும் செய்யலாம். இரு தரப்பின் விவரங்களையும் அடையாளச் சான்றுகளையும் ஒப்பந்த நகலையும் சேர்த்தால் பதிவு எண் கிடைக்கும்.

11 மாதம் முடிந்து புது ஒப்பந்தம் போட்டால் அதையும் பதிய வேண்டும்.

பதியாவிட்டால்?

தகராறு வரும்வரை ஒன்றும் தெரியாது. வாடகை பாக்கி, காலி செய்ய மறுப்பு என்று வாடகை நீதிமன்றம் போகும்போதுதான் சிக்கல். பதியாத ஒப்பந்தத்தை அங்கே சான்றாகக் காட்டி உரிமை கோர முடியாது.

ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியவை

அட்வான்ஸ்: மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்பது பொது விதி. வாடகை 15,000 ரூபாய் என்றால் 45,000. ஆனால் "வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தால் தவிர" என்று சட்டமே ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. பத்து மாத அட்வான்ஸ் என்று எழுதியதில் கையெழுத்திட்டுவிட்டுப் பிறகு வாதாடுவது கடினம். காலி செய்த ஒரு மாதத்துக்குள், கழிக்க வேண்டியதைக் கழித்து மீதியைத் திருப்பித் தர வேண்டும்.

வாடகை உயர்வு: எப்போது, எவ்வளவு என்பதை முதலிலேயே எழுதிவிடுங்கள்.

தண்ணீர், மின்சாரம்: பாக்கி இருக்கிறது என்பதற்காக வீட்டுக்காரர் இவற்றை நிறுத்த முடியாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் முறையிடலாம்.

வாடகை ரசீது: மாதாமாதம் கேட்டு வாங்குங்கள்.

வீடு தேடுகிறவர்கள் சாவி வாங்கும் முன்பே, "பதிவு யார் செய்வது, செலவு யாருடையது?" என்று பேசி முடித்துக்கொள்வது நல்லது. வீட்டுக்காரர் தட்டிக்கழித்தால், 90 நாள் முடியும்முன் நீங்களே விண்ணப்பித்துவிடுங்கள்.