சோகத்தோடு விளையாடிய சொற்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில் ஒரு சோக நாடகம் பேர் வாங்கினால், விரைவில் வேறொரு அரங்கில் அதன் கேலி வடிவம் மேடையேறிவிடும். பர்லெஸ்க் என்பார்கள். கதை அதேதான், வசனமெல்லாம் சிலேடை, நடுநடுவே எல்லோருக்கும் தெரிந்த மெட்டில் பாட்டு. பாட்டுக்குச் சட்டமும் ஒரு காரணம். 1843 வரை ட்ரூரி லேன், கோவென்ட் கார்டன் போன்ற ஓரிரு அரங்குகளுக்கே முழு நாடகத்தைப் பேசி நடிக்க உரிமை. மற்றவர்கள் இசை சேர்த்தாக வேண்டும். ஜான் பூல் 1810இல் வெளியிட்ட 'ஹாம்லெட் டிராவெஸ்டி'யில் இளவரசனே பாடுகிறான். டாக்டர் ஜான்சன் பாணியில் போலி உரைக் குறிப்புகளும் உண்டு.

தலைப்பிலேயே விளையாட்டு ஆரம்பித்துவிடும். ஆட்வே எழுதிய சோக நாடகம் 'காக்கப்பட்ட வெனிஸ்'. அந்தப் பெயரை ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' பெயரோடு ஒட்டவைத்து, 1853இல் ஷைலாக் கேலி நாடகத்துக்குச் சூட்டினார் டால்ஃபோர்ட். இரண்டையும் அறிந்தவருக்கே சிரிப்பு வரும். அவ்வளவு நாடகம் தெரிந்த கூட்டம் அன்று கொட்டகையில் இருந்தது என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம்.

அந்தக் கூட்டத்தின் செல்லப்பிள்ளை நடிகர் ஃபிரெடெரிக் ராப்சன். குள்ளமான மனிதர். 1856 கோடையில் இத்தாலிய நடிகை ரிஸ்தோரி லண்டனில் மீடியாவாக நடித்தார். பெற்ற பிள்ளைகளையே கொல்லும் தாயின் கதை. அடுத்த மாதமே ஒலிம்பிக் அரங்கில் ராபர்ட் பிரவ் எழுதிய கேலி மீடியா வந்துவிட்டது. 'தாய்மாரில் சிறந்தவள்' என்பது அதன் துணைத்தலைப்பு. பெண் வேடமிட்டு ராப்சன் சிலேடைகளை அள்ளி வீசினார். அதே வாயால் கோபத்தையும் பேசியபோது சிரித்த கூட்டம் நடுங்கிப்போனதாக அன்று பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். ரிஸ்தோரியே வந்து பார்த்து வியந்தார். சிலேடையின் உச்சம் அதுதான் என்று நினைக்கிறேன்: சிரிக்கவைத்தபடியே துக்கத்தின் வாசலில் கொண்டுபோய் விடுவது. பின்னால் வந்த பலருக்கு அது வாய்க்கவில்லை. சொல் இருந்தது, சோகம் இல்லை.

அந்தப் பர்லெஸ்க் இன்று இல்லை; கேலி மட்டும் வேறு வடிவில் தொடர்ந்தது. 1987இல் எடின்பரோவில் அரங்கேறிய 'ரிட்யூஸ்டு ஷேக்ஸ்பியர் கம்பெனி' என்ற குழுவின் நாடகத்தில் மூன்று பேர் ஷேக்ஸ்பியரின் 37 நாடகங்களையும் ஒரே மாலையில் முடித்துவிடுகிறார்கள். ஒத்தெல்லோ ராப் பாட்டாகிறது. டைட்டஸ் டிவி சமையல் நிகழ்ச்சியாகிறது. மூலத்தைப் படிக்காதவரும் சிரிக்கலாம். லண்டனில் ஒன்பது ஆண்டுகள் ஓடியது.

ராப்சனின் உயரத்தை மறுபடி தொட்டது 2022இல் புலிட்சர் பரிசு பெற்ற ஜேம்ஸ் ஐஜம்ஸின் 'ஃபேட் ஹாம்' என்பேன். ஹாம்லெட்டின் முதல் பாதியும் பன்றியிறைச்சியும் ஒரே சொல். அந்த ஒரு சிலேடையிலிருந்து மொத்த நாடகமும் விரிகிறது. இடம் அமெரிக்கத் தெற்கில் ஒரு கறுப்பினக் குடும்பத்தின் கொல்லைப்புறம். அம்மாவுக்கும் சித்தப்பாவுக்கும் கல்யாண விருந்து, அடுப்பில் கறி; பழிவாங்கச் சொல்லி அப்பாவின் ஆவி வருகிறது. மகன் ஜூஸி யாரையும் கொல்வதில்லை. கறித்துண்டு தொண்டையில் சிக்கிச் சித்தப்பா சாகிறார். மற்றவர்கள், கதைப்படி நாமும் சாக வேண்டுமா என்று கேட்டு, வேண்டாம் என்று முடிவெடுத்து ஆடத் தொடங்குகிறார்கள்.