சாவி வெளியே போகாது – 9: சீலும் கீலும்

கேபிள், புளூடூத், வைஃபை எதுவுமே இல்லாத கிரிப்டோ பெட்டி. காசை நகர்த்த ஒப்பமிடும் சாவி அதை விட்டு வெளியே வராது. இதுவரை பார்த்தது இவ்வளவுதான். அந்தப் பெட்டிக்குத் தகவல் போய்வர கியூஆர் கோடு நல்லதா, மெமரி கார்டு நல்லதா என்று இந்த வாரம் எழுதுவதாக இருந்தேன். காசிமேடு ஜீரோ கேட் வரிசை அதைக் கெடுத்தது.

ஜீரோ கேட் வழியே சென்னைத் துறைமுகத்துக்குள் நுழைய எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் மணிக்கணக்கில் நிற்கும். ஒரு கதவில் மாட்டியிருந்த போல்ட் சீலை நான் உற்றுப் பார்ப்பதைக் கண்ட டிரைவர் சிரித்தார்: “சீலு கரீட்டா தான் சார் கீது. கீல எவன் பாக்குறான்?”

கீல் மட்டுமா? சீல் மாட்டியிருப்பது கைப்பிடியில். கைப்பிடியைப் பிடித்திருப்பது ரிவெட். அதைக் குடைந்தெடுத்தால் கைப்பிடி சீலோடு கழன்றுவரும். வேலை முடிந்ததும் புது ரிவெட், மேலே ஒரு கோட் பெயின்ட். சீல் எண் காகிதத்தில் உள்ளபடியே இருக்கும். ஏற்றுமதிச் சரக்கை வழியில் இறக்கிவிட்டு, சீலைத் தொடாமலே செம்மரம் ஏற்றிய கன்டெய்னர்களை வருவாய்ப் புலனாய்வு இயக்ககம் (டி.ஆர்.ஐ.) பிடித்திருக்கிறது.

2024 ஜூலை 18 அன்று வசீர்எக்ஸ் என்ற இந்தியக் கிரிப்டோ சந்தையில் நடந்த திருட்டும் இந்த ரகம்தான். பறிபோன வாலட்டுக்கு ஆறு ஒப்பங்கள்: ஐந்து வசீர்எக்ஸுடையவை, ஒன்று அதன் வாலட் காவல் நிறுவனமான லிமினலுடையது. நான்கு சேர்ந்தால்தான் காசு நகரும். வசீர்எக்ஸ்காரர்கள் ஒப்பமிட்டது லெட்ஜர் ஹார்டுவேர் வாலட்டில். திரையில் தெரிந்தது ஒன்று, ஒப்பமானது வேறொன்று என்றது வசீர்எக்ஸ். எங்கள் பக்கம் ஓட்டை இல்லை என்றது லிமினல். போனது சுமார் 23 கோடி டாலர்.

லெட்ஜர் கேபிளிலோ புளூடூத்திலோ இணைவது. அதற்குப் பதில் எதிலும் இணையாத பெட்டி இருந்திருந்தால் காசு பிழைத்திருக்குமா? இல்லை என்பேன். கேபிளில் வந்த கள்ள உத்தரவு கியூஆர் கோடில் வந்திருக்கும், அவ்வளவுதான். பிட்காயினில் யாருக்கு, எவ்வளவு என்று தெரிந்தால் பெரும்பாலும் போதும்; சின்னத் திரை தாங்கும். ஈதரியம் ஒப்பந்தங்களில் உத்தரவைப் பிரித்துக் காட்டாவிட்டால் எண்ணும் எழுத்துமான குவியலுக்குத்தான் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பமிட வேண்டும். பிரித்துக் காட்டப் பெரிய திரையும் கூடுதல் மென்பொருளும் வேண்டும். மென்பொருள் பெருக்கப் பெருக்க ஓட்டைக்கும் இடம் பெருகும். பெட்டி செய்கிறவர்களின் தலைவலி இதுதான்.

சென்னை முதலீட்டாளர் ஒருவர் வசீர்எக்ஸில் வைத்திருந்த 3,532.30 எக்ஸ்ஆர்பி காசுகள் திருட்டே போகவில்லை. ஆனாலும் கணக்கு முடங்கியதில் சிக்கின. துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் உயர் நீதிமன்றத்தில், 2025 அக்டோபரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் கிரிப்டோவும் சொத்துதான் என்று தீர்ப்பளித்தார். சொத்தென்றால் சாவி யார் கையில் இருக்க வேண்டும் என்ற கேள்வி இன்னும் கூர்மையாகிறது.

மெமரி கார்டு அடுத்த வாரம். அதற்குள் வீட்டில் பித்தளைத் தாயக்கட்டை இருந்தால் தேடி வையுங்கள். நான்கு முகக் கட்டை இரண்டு. ஒரு பக்கமாகச் சாயாமல் விழுந்தால், 64 முறை உருட்டி 256 பிட் சாவி எடுக்கலாம்.