வெலிங்டன் குளிரில் நம் பிள்ளை

குன்னூரை அடுத்த வெலிங்டனில் இருக்கிறது மதராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி முகாம். விடியுமுன் ஓட்டம், பிறகு கவாத்து, துப்பாக்கிப் பயிற்சி! இரவில் பூட்சுக்குப் பாலிஷ் போடும்போதுதான் வீட்டு நினைவு நெஞ்சை அடைக்கிறது. பக்கத்துக் கட்டிலில் மலையாளத்துப் பிள்ளை. அவனுக்கும் அதே ஏக்கந்தான்.

இத்தனை பிரிவும் எதற்கு? 2022 ஜூனில் அறிவித்த அக்னிபத் திட்டப்படி, பயிற்சியும் சேர்த்து நாலே ஆண்டு. அதன்பின் நூற்றுக்கு 25 பேருக்குமேல் நீடிக்க இடமில்லை. மற்றவர்களுக்குச் சேவாநிதி ஏறத்தாழ ரூ.11.7 லட்சம் உண்டு, நாம் மறுக்கவில்லை. அதிலே பாதி அவன் சம்பளத்தில் பிடித்த பணம்! ஓய்வூதியமோ கிடையாது.

தற்காலிகத் தொழிலாளியின் பாட்டை ஆலையிலே கண்ட தோழர்களுக்கு விளக்கமா வேண்டும்? பதினேழரை வயதில் தாயைப் பிரிந்தவன், இருபத்தொன்றரையில் எந்த வாசலில் போய் நிற்பான்? டில்லி சொல்லட்டும்!