தெருமுனை மாவும் இராப் போஜனமும்

காலை எட்டு மணிக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பி, மாலையில் மின்சார ரயிலிலும் நகரப் பேருந்திலும் நெருக்குண்டு, டியூஷனிலிருந்து குழந்தையையும் அழைத்துக்கொண்டு ஏழரை மணிக்கு வீடு திரும்பும் தம்பதிகளுக்கு, இராப் போஜனம் என்பது அரை மணிக்குள் முடிந்தாக வேண்டிய காரியமாகிவிட்ட இக்காலத்தில், தமிழ்நாட்டு நகரங்களில் கைகொடுக்கும் பொருள் எதுவென்று கேட்டால், தெருமுனைக் கடையின் ஃபிரிஜ்ஜில் அடுக்கியிருக்கும் இட்லி தோசை மாவுப் பாக்கெட்டே என்று எவரும் தயங்காமல் சொல்லிவிடுவர். அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டு, அரைத்து, இரவு முழுதும் பொங்கவைக்கும் பழைய கிரமத்துக்கு அவகாசமில்லாத குடும்பத்தை நான் குறைகூற மாட்டேன். கல்லைக் காயவைத்து நாலு தோசை வார்ப்பதும் சமையல்தான். ஆயினும், அடுப்பு நம்முடையது என்பதனாலேயே ஆகாரம் முழுவதும் நம் கைப்பாகம் என்று எண்ணிக்கொள்கிறோமே, அதனால் விளையும் நஷ்டம் பெரிது. ஹோட்டலில் சாப்பிட்டு வயிறு கெட்டால் ஹோட்டல்காரரைக் கேட்கத் தெரிந்த நாம், வீட்டில் சாப்பிட்டுக் கெட்டால் தோசை வார்த்த அம்மாளையே நொந்துகொண்டு, ஓமத் தண்ணீர் குடித்துப் படுத்துவிடுகிறோம். மாவை அரைத்தவருக்கும் விற்றவருக்கும் சட்டத்தில் பொறுப்பு உண்டு என்ற நினைவே நமக்கு வருவதில்லை.

பாக்கெட்டைச் சற்றே வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், பெரிய ஆலை வைத்திருப்பவரை மட்டுமன்றி, வீட்டுத் தாழ்வாரத்தில் கிரைண்டரை ஓட்டி மாவு விற்பவரையும் பதிவு செய்துகொள்ளும்படி கட்டளையிடுகிறது. அந்தப் பதிவின் அல்லது உரிமத்தின் 14 இலக்க எண், தயாரித்தவரின் பெயர், விலாசம், சேர்மானங்கள், நிகர எடை, பேட்ச் எண், தயாரித்த தேதி, எந்தத் தேதிக்குள் உபயோகிக்க வேண்டும் என்ற குறிப்பு, அதிகபட்ச சில்லறை விலை ஆகிய யாவும் உறையின்மேல் இருந்தாக வேண்டும். இவற்றுள் பேராசை பிடித்த வியாபாரி கைவைப்பது பெரும்பாலும் தேதியில்தான். முந்தாநாள் தேதியிட்ட ஸ்டிக்கரின்மேல் இன்றைய தேதியிட்டது ஒன்று கொஞ்சம் கோணலாக ஏறி உட்கார்ந்திருக்கும். நகத்தால் ஓரத்தைச் சுரண்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். உறையில் கட்டாயம் இருக்க வேண்டிய விவரங்களைத் தனி ஸ்டிக்கர் ஒட்டி மாற்றலாகாது என்பது 2011-ஆம் வருஷத்துப் பொட்டலப் பொருள் விதி. விலையைக் குறைத்துக் காட்டுவதற்கு மட்டுமே அது அனுமதிக்கப்படும். அப்போதும் பழைய விலையை மறைக்கக் கூடாது. இனி, "ஃபிரிஜ்ஜுல வச்சிருக்கோம் சார், ரெண்டு ரூபா சேத்துக் குடுங்க" என்று கேட்கும் கடைக்காரர்களும் உண்டு. அச்சிட்ட விலைக்குமேல் ஒரு காசும் கேட்க அவருக்கு அதிகாரமில்லை. சகல வரிகளும் அந்த விலைக்குள் அடக்கம், குளிரூட்டிய செலவையும் அதற்கு மேல் ஏற்ற முடியாது. எடை, விலை பற்றிய புகார்களைத் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையைச் சேர்ந்த எடையளவு அதிகாரிகள் விசாரிக்கிறார்கள்.

பாத்திரத்திலிருந்து கரண்டியால் அள்ளித் தரும் மாவுக்கு உறையும் இல்லை, தேதியும் இல்லை. ஆனால் விற்பவருக்குப் பதிவு வேண்டுமென்ற நிபந்தனை அங்கேயும் உண்டு. என்னைக் கேட்டால், ஸ்டிக்கர்மேல் ஸ்டிக்கர் ஒட்டிய பாக்கெட்டைக் காட்டிலும், எப்போது அரைத்தது என்று கேட்டால் முகம் பார்த்துப் பதில் சொல்லும் அடுத்த தெரு அம்மாளின் மாவையே வாங்குவேன். அவரைப் பதிவு செய்துகொள்ளும்படியும் சொல்லுவேன்.

அபாயம் எங்கே இருக்கிறது என்பதையும் நிதானமாக யோசிக்க வேண்டும். மாவு புளிக்கும்போது உண்டாகும் அமிலம், நோய்க்கிருமிகள் பலவற்றைத் தழைக்கவிடாமல் தடுக்கிறது. பிறகு கல்லின் சூடும் இட்லிப் பானையின் ஆவியும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்கின்றன. ஆகவே, பாக்கெட் உப்பியிருப்பதும் மாவு அதிகம் புளித்திருப்பதும் தம்மளவில் விஷத்தின் லட்சணமாகா. மின்சாரச் செலவுக்கு அஞ்சி இரவில் ஃபிரிஜ்ஜை நிறுத்திவைக்கும் கடையில், இடையிலே குளிர் தவறிப்போயிற்று என்பதற்கு அவை சாட்சி, அவ்வளவே. ஆனால் மாவின்மேல் கறுப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ புள்ளிகள் கண்டால், அந்தப் பாகத்தை மட்டும் வழித்தெறிந்துவிட்டு மற்றதை ஊற்றுவது தவறு. பூஞ்சணம் கண்ணுக்குத் தெரியுமிடத்தோடு நிற்பதில்லை. அதன் நஞ்சுகளிற் சில தோசைக்கல்லின் சூட்டுக்கு அழிவதுமில்லை. மாவைவிட நான் அதிகம் அஞ்சுவது, அதன் பக்கத்திலேயே சிறு பொட்டலமாக விற்கப்படும் தேங்காய்ச் சட்னிக்குத்தான். அதற்குப் புளிப்பின் காவலும் இல்லை, நெருப்பின் காவலும் இல்லை. எந்தத் தண்ணீரில் அரைத்தார்களோ அந்தத் தண்ணீரை அப்படியே நாம் உட்கொள்ளுகிறோம். ஒரு ஸ்பூன் எண்ணெயில் நாலு வெங்காயமும் இரண்டு தக்காளியும் மிளகாயும் வதக்கி அரைத்துக்கொள்வதற்குப் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகாது. அதற்கும் இயலாத அன்று இட்லிப் பொடியும் நல்லெண்ணெயும் இருக்கவே இருக்கின்றன.

காலையில் வடித்த சோற்றையே இரவில் புளியோதரையாகவோ தயிர்சாதமாகவோ மாற்றிக்கொள்ளும் வீடுகளும் பல. பாசிலஸ் சீரியஸ் என்னும் கிருமியின் வித்துக்கள் அரிசியோடு வந்து, சோறு வெந்த பின்பும் பிழைத்திருக்கக்கூடியவை. வெதுவெதுப்பான சோற்றில் அவை முளைத்துப் பெருகிக் கக்கும் நஞ்சு, மறுபடி சுடவைத்தாலும் போவதில்லை. காலைச் சோற்றைக் குக்கரிலேயே மூடிவைத்துவிட்டுப் போகாமல், அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிஜ்ஜில் ஏற்றிவிட்டால் இத்தொல்லை பெரும்பாலும் நீங்கும்.

இவ்வளவு ஜாக்கிரதைக்குப் பின்னும் கடைப்பொருளால் உடம்புக்குக் கேடு வந்துவிட்டால், ஆத்திரத்தில் பாக்கெட்டைக் குப்பையில் எறியலாகாது. உறையையும் மிச்ச மாவையும் குளிரில் வைத்து, பேட்ச் எண்ணும் தேதியும் தெரியப் படம் எடுத்து, கடை ரசீதையும் வைத்தியர் சீட்டையும் சேர்த்துக்கொண்டு, உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணிலோ, மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடமோ அன்றைக்கே தெரிவிக்க வேண்டும். காலதாமதம் ஏன் கூடாதென்றால், வழக்குக்கு வேண்டிய மாதிரியை உணவுப் பாதுகாப்பு அலுவலர் தாமே கடையிலிருந்து முறைப்படி எடுத்து ஆய்வுக்கு அனுப்புவதே வழக்கம். நாம் பிரித்த பாக்கெட் அத்தனை பலமான சாட்சியாகாது. அதே பேட்ச் கடையில் இருக்கும்போதே அவர் போய்ச் சேர்ந்தால்தான் உண்டு. பெரும்பாலோர் அறியாத உரிமை இன்னொன்றும் இருக்கிறது: உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டத்தின் 40-ஆம் பிரிவின்படி, வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, சாமானியர் எவரும் கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் பொருளைப் பரிசோதிக்கக் கொடுக்கலாம், பொருள் சட்டத்துக்கு ஒவ்வாதது என்று தெரிந்தால் கட்டணம் திருப்பித் தரப்படும். 65-ஆம் பிரிவோ, கேடான உணவால் மரணம் நேர்ந்தால் 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாத நஷ்டஈட்டையும், கடுமையான பாதிப்புக்கு 3 லட்சம் வரையிலும், மற்றப் பாதிப்புகளுக்கு 1 லட்சம் வரையிலும் தரும்படி உத்தரவிட இடமளிக்கிறது.

ஒரு மாவுப் பாக்கெட்டுக்காகக் கோர்ட்டுப் படி ஏறுவதா என்று கேட்பவர்களுக்கு, 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அந்தப் படியை வெகுவாகத் தாழ்த்தியிருக்கிறது என்று சொல்ல வேண்டும். நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். வக்கீல் வைத்தாக வேண்டுமென்பதில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. இரண்டு வருஷம் வரை அவகாசமும் உண்டு. ரசீது கேட்டு வாங்கும் பழக்கம் நம்மிடம் அருகிவிட்டது. யுபிஐ-யில் பணம் அனுப்பிய பதிவாவது கைபேசியில் இருக்கட்டும். முதலில் சமரசமாய்க் கேட்டுப் பார்க்க விரும்புவோருக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

அவசரச் சமையலுக்கு இன்றியமையாத குக்கரையும் சிலிண்டரையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2021 பிப்ரவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரையில்லாத பிரஷர் குக்கரை இந்தியாவில் விற்கக் கூடாது. அத்தகைய குக்கர்களை விற்க இடங்கொடுத்ததற்காக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் அமேசானுக்கும் ஃபிளிப்கார்ட்டுக்கும் அபராதம் விதித்து, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரவும் உத்தரவிட்டது. முத்திரைக்கு அருகிலுள்ள எண்ணை பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் இட்டுப் பார்த்தால் அது மெய்யா பொய்யா என்று தெரிந்துவிடும். சிலிண்டர் கொண்டுவருபவரிடம், 14.2 கிலோ வாயு இருக்கிறதா என்று எடைபோட்டுக் காட்டச் சொல்வது நம் உரிமை. கசிவு நாற்றம் வந்தால் ஸ்விட்சைத் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியே போய் 1906-க்குப் பேச வேண்டும். விபத்துக்கென்று எண்ணெய் நிறுவனங்கள் காப்பீடு எடுத்து வைத்திருக்கின்றன. ஆனால் சொத்துச் சேதத்துக்கான ஈடு, இணைப்பு எந்த விலாசத்தில் பதிவாகியிருக்கிறதோ அந்த வீட்டுக்கே உரியதாகையால், வாடகை வீடு மாறியவர்கள் புது விலாசத்தை ஏஜென்சியில் எழுதிக்கொடுத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.